கேனி: எல்லை தாண்டினா அர்த்தம் மாறுற வார்த்தை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லண்டன் பேப்பர்ல "கேனி இன்வெஸ்டர்"னு போட்டா காசு விஷயத்துல கெட்டிக்காரன்னு அர்த்தம். நியூகாசில் பஸ்ல பக்கத்து சீட்டு பாட்டி ஒருத்தன "கேனி லாட்"னு சொன்னா தங்கமான பையன்னு அர்த்தம். எடின்பரோ பக்கம் "கா கேனி"ன்னா பாத்து, மெதுவான்னு அர்த்தம். டிக்‌ஷனரில இதெல்லாம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத மாதிரி வச்சிருப்பாங்க, ஆனா வரலாறு தெரிஞ்சா எல்லாம் ஒரே நூல்ல கோத்தது தான்னு புரிஞ்சிடும். இங்கிலாந்தோட வடக்குலயும் ஸ்காட்லாந்துலயும் புழங்குற இந்த வார்த்தைய பத்தி வழக்கமா வர்ற கேள்விகளும் பதிலும் கீழ இருக்கு.

கேள்வி: முதல்ல இத எப்படி உச்சரிக்கிறது?

தெற்கு இங்கிலாந்துக்காரங்க வாய கொஞ்சம் அகட்டி "கேனி"ம்பாங்க. வடக்குலயும் ஸ்காட்லாந்துலயும் அந்த முதல் எழுத்து குட்டையா தட்டையா வரும், நம்ம காதுக்கு கிட்டத்தட்ட "கனி"ன்னே விழும். ஆனா கனின்னு எழுதினா பழம்னு படிப்பீங்க, அதனால இங்க கேனின்னே வச்சுக்கலாம்.

கேள்வி: சரி, மொத்தம் எத்தன அர்த்தம்?

எண்ண ஆரம்பிச்சா முடியாது. ஜான் ஜேமிசன் 1808ல ஸ்காட்ஸ் மொழிக்கு போட்ட அகராதில இந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தத்த வரிசையா அடுக்கிட்டே போயிருக்காரு. ஜாக்கிரதையான, விவரமான, சிக்கனமான, கைத்திறமை உள்ள, சாதுவான, அதிர்ஷ்டமான, ஆபத்தில்லாத, இப்படி போகுது. இன்னிக்கு பேச்சுல உயிரோட இருக்கறது முக்கியமா மூணு. ஸ்காட்லாந்துல "ஜாக்கிரதையான, விவரமான". இங்கிலாந்தோட வடகிழக்குல, அதாவது நியூகாசில், சண்டர்லாண்ட், டர்ஹாம், நார்த்தம்பர்லாண்ட் பக்கம், "நல்ல, இனிமையான". அதே வடகிழக்குலயே இன்னொரு வார்த்தைக்கு முன்னாடி போட்டா "ஓரளவு நிறைய" மாதிரி ஒரு அழுத்தம். கம்பிரியா பக்கமும் இது உண்டு, அங்க "கேனி கம்பர்லாண்ட்"னு ஊர்ப் பாசத்தோட சொல்லுவாங்க.

கேள்வி: வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?

"முடியும்"னு சொல்ல ஒரு கேன் இருக்கு பாருங்க, "ஐ கேன்"ல வர்ற கேன், அதுல இருந்து தான். பழைய இங்கிலீஷ்ல அதோட மூலம் "குன்னன்", அதுக்கு அப்போ முடியும்ங்கறத விட "தெரியும், செய்யத் தெரியும்"ங்கறது தான் முதல் அர்த்தம். ஸ்காட்லாந்துல இன்னிக்கும் தெரியும்ங்கறதுக்கு "கென்"னு சொல்றாங்க, "ஐ கென்"னா எனக்குத் தெரியும், அதுவும் இதே குடும்பம். அந்த கேன் கூட ஒரு "இ" ஒட்டி "தெரிஞ்சவன், விவரம் உள்ளவன்"னு ஆக்கினது தான் கேனி. எழுத்துல சுமார் 1600ஐ ஒட்டி வர ஆரம்பிக்குது.

இந்த குடும்பத்துல சொந்தக்காரங்க நிறைய. கன்னிங், அதாவது தந்திரம், ஆரம்பத்துல வெறும் அறிவுன்னு தான் அர்த்தம், பின்னாடி பேர் கெட்டுப்போச்சு. அன்கூத்னா இன்னிக்கு நாகரிகம் இல்லாதவன், ஆனா மூல அர்த்தம் "அறியப்படாத". அதே அன்கூத் ஸ்காட்லாந்துல தேஞ்சு "அன்கோ"ன்னு ஆகி முதல்ல "விசித்திரமான", அப்புறம் "ரொம்ப"ன்னு மாறிடுச்சு. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ரொம்ப யோக்கியம் பேசுறவங்கள "அன்கோ குட்"னு கிண்டல் பண்ணது இந்த அன்கோவ வச்சு தான்.

கேள்வி: இதுக்கும் ஞானத்துக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்றாங்களே, அப்போ தமிழ்ல இருந்து போன வார்த்தையா?

முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி தப்பு. இந்தோ ஐரோப்பிய மொழிகள் எல்லாத்துக்கும் பொதுவா "அறிதல்"னு அர்த்தம் வர்ற ஒரு பழைய வேர் இருக்கு. அது ஜெர்மானிய மொழிகளுக்கு வர்றப்போ க ஓசையா மாறி கேன், கென், கேனின்னு ஆச்சு (நோன்னு சொல்றோமே, அந்த கே போட்டு எழுதுற நோ, அந்த சத்தம் போடாத கே கூட அதே மிச்சம் தான்), சமஸ்கிருதத்துல ஜ்ஞான்னு ஆச்சு, அங்கேருந்து தமிழ் கடன் வாங்கினது தான் ஞானம், விஞ்ஞானம், அஞ்ஞானம், பிரக்ஞை எல்லாம். ஆக கேனியும் ஞானமும் தூரத்து பங்காளிங்க, ஆனா தமிழுக்கு அந்த உறவு சமஸ்கிருதம் வழியா கிடைச்ச உறவு. நம்மளோட சொந்தச் சொல் அறி, அறிவு. அதுக்கும் கேனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கண்ணுல இருந்து கேனி வந்துச்சு, கனிவுல இருந்து வந்துச்சுன்னு ஃபார்வர்டு வந்தா தயவுசெஞ்சு அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க.

கேள்வி: "விவரமானவன்" எப்படி "நல்லவன்" ஆனான்? ரெண்டும் வேற வேற தானே?

இது தான் நிறைய பேர் குழம்புற இடம், சிலர் ரெண்டும் வேற வேற வேர்ல இருந்து வந்த தனித்தனி வார்த்தைன்னு கூட அடிச்சு சொல்லுவாங்க. தேவையே இல்ல. படிப்படியா பாருங்க. ஒரு வேலை தெரிஞ்சவன் அத தடபுடல் பண்ணாம நிதானமா செய்வான். நிதானமா செய்றவன் ஜாக்கிரதையானவன். ஜாக்கிரதையா கையாளுறவன் மென்மையானவன். மென்மையான ஆள் கூட இருந்தா இதமா இருக்கும், சண்டை சச்சரவு இல்ல, ஆக நல்ல ஆள். ஒவ்வொரு அடியும் சின்ன அடி தான், மொத்தமா பாத்தா தான் ரொம்ப தூரம் வந்த மாதிரி தெரியுது.

தமிழ்லயே இது அச்சு அசலா நடந்திருக்கு. சமத்துன்னு குழந்தைய கொஞ்சுறோமே, அது சமர்த்து, சமஸ்கிருதத்துல சமர்த்த, அர்த்தம் திறமை உள்ள. "அவ சமர்த்தா குடும்பம் நடத்துறா"ன்னா விவரமா, சிக்கனமா. "பாப்பா சமத்து, அழவே இல்ல"ன்னா நல்ல பிள்ளை. நியூகாசில்ல "கேனி பேர்ன்"னு சொன்னா, பேர்ன்னா குழந்தை, அதுக்கு சமத்துக் குழந்தைங்கறத விட பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியல. திறமைல ஆரம்பிச்சு நல்ல குணத்துல வந்து நின்ன வார்த்தை ரெண்டும்.

இதுல வேடிக்கை, இங்கிலீஷ்ல "நைஸ்" இதே இடத்துக்கு நேர் எதிர் பக்கத்துல இருந்து வந்து சேந்திருக்கு. நைஸோட மூலம் லத்தீன்ல "அறியாதவன்". முட்டாள்னு ஆரம்பிச்சு, தொட்டாச்சிணுங்கின்னு ஆகி, நுணுக்கமானவன்னு ஆகி, கடைசில இனிமையானவன். தெரிஞ்சவனும் இனிமை, தெரியாதவனும் இனிமை! நாம அந்த நைஸ வாங்கி "நைசா பேசி காரியத்த முடிச்சான்", "நைசா நழுவிட்டான்"னு புழங்குறோம் பாருங்க, அது நைஸோட எந்த இங்கிலீஷ் அர்த்தத்த விடவும் பழைய ஸ்காட்ஸ் கேனிக்கு தான் கிட்ட இருக்கு.

கேள்வி: ஸ்காட்லாந்துக்கும் வடக்கு இங்கிலாந்துக்கும் ஒரே வார்த்தை எப்படி? ரெண்டும் தனி நாடு தானே?

இன்னிக்கு இருக்குற எல்லைக்கோடு வார்த்தைங்களுக்கு அப்புறம் வந்தது. ஏழாம் நூற்றாண்டு வாக்குல ஹம்பர் ஆத்துல இருந்து ஃபோர்த் கழிமுகம் வரைக்கும் நார்த்தம்ப்ரியான்னு ஒரே ராஜ்ஜியம், இன்னிக்கு எடின்பரோ இருக்குற இடமும் அதுக்குள்ள தான். அங்க பேசின வடக்கத்திய பழைய இங்கிலீஷ் தான் ஒரு பக்கம் ஸ்காட்ஸாவும் இன்னொரு பக்கம் ஜோர்டி (நியூகாசில் பக்கத்து பேச்சு) மாதிரி வட்டார பேச்சுங்களாவும் பிரிஞ்சது. பத்தாம் நூற்றாண்டுக்கு மேல வடக்கு பாகம் ஸ்காட்டிஷ் ராஜாக்கள் கைக்கு போச்சு, கோடு ட்வீட் ஆத்து பக்கம் வந்து நின்னுச்சு. ஆத்தங்கரை ஊரான பெரிக் கூட 1482 வரைக்கும் பல தடவை கை மாறின ஊர், ராஜா மாறினதுக்காக அங்க இருந்தவங்க வாய்ல இருந்த பேச்சா மாறிடும்? அதனால தான் பேர்ன், கேனி, பானி (அழகான), லாஸ் (பொண்ணு) எல்லாம் ரெண்டு கரைலயும் இன்னும் கேக்குது.

அர்த்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சுடுச்சு. ஆனா சுத்தமா பிரியல. 18ஆம் நூற்றாண்டு கடைசில பர்ன்ஸ் ஒரு சின்னப் பொண்ண கொஞ்சுறப்போ அவள கேனின்னு தான் கூப்பிடுறாரு, அது கெட்டிக்காரிங்கற அர்த்தத்துல இல்ல, சாதுவான, அழகான பொண்ணுங்கற அர்த்தத்துல. அதாவது "இனிமையான"ங்கறது நியூகாசில் மட்டும் கண்டுபிடிச்ச சரக்கு இல்ல.

கேள்வி: நியூகாசில்ல நிஜமா எப்படி பேசுறாங்க? உதாரணம் சொல்லுங்க.

"ஷீஸ் எ கேனி லாஸ்"னா அவ நல்ல பொண்ணு. எப்படி இருக்கேன்னு கேட்டா ஒத்த வார்த்தைல "கேனி"ன்னு பதில், பரவால்ல நல்லாவே இருக்கேன்னு அர்த்தம். படம் எப்படி? கேனி. வேலை எப்படி? கேனி. கிளம்புறப்போ "கான் கேனி"ம்பாங்க, கான்னா போ, பத்திரமா போயிட்டு வாங்கற மாதிரி. இந்த இடத்துல மட்டும் வடகிழக்குலயும் பழைய ஜாக்கிரதை அர்த்தம் உயிரோட இருக்கு பாருங்க.

அப்புறம் அந்த அழுத்தம் குடுக்குற கேனி. "கேனி கோல்ட்"னா நல்ல குளிர், "கேனி ஃபியூ"ன்னா நல்ல கூட்டம், "கேனி ஃபார்"னா நல்ல தூரம். நாமளும் அப்படித்தானே, நல்ல மழை, நல்ல அடின்னு சொல்றப்போ அந்த அடில நல்லது என்ன இருக்கு, அளவத் தான் சொல்றோம்.

ஊருக்கே "கேனி நியூகாசில்"னு ஒரு செல்லப் பேர் 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்தே பாட்டுங்கள்ல வருது. எழுபது எண்பதுகள்ல டியூடர்னு ஒரு சிப்ஸ் கம்பெனி அந்தப் பக்கத்து டிவி விளம்பரத்துல "எ கேனி பேக் ஓ டியூடர்"னு போட்டு, அந்தத் தலைமுறை ஆளுங்க இன்னிக்கும் அத சொல்லி சிரிப்பாங்க. இங்க கேனி பேக்னா விவரமான பாக்கெட் இல்லன்னு சொல்லத் தேவையில்ல.

கேள்வி: அப்போ ஸ்காட்லாந்துல ஒருத்தர கேனின்னு சொன்னா கஞ்சன்னு திட்டுறதா?

தொனிய பொறுத்தது. ஸ்காட்லாந்துக்காரங்களே தங்களுக்குள்ள சொல்றப்போ ஏமாறாதவன், யோசிச்சு செலவு பண்றவன்னு மரியாதையா தான் வரும். "கா கேனி வித் த பட்டர்"னு அம்மா சொன்னா வெண்ணெய பாத்து தடவுன்னு அர்த்தம், அவ்வளவு தான். "கேனி ஸ்காட்"னு இங்கிலாந்துக்காரன் சொல்ற வழக்கம் வேற, அதுல கஞ்சத்தனம்னு ஒரு நக்கல் ஒட்டிக்கிட்டு வருது. அடுத்தவன் சிக்கனத்துக்கு வெளியூர்க்காரன் வச்ச பேர்னு தான் நான் அத எடுத்துக்குவேன்.

கேள்வி: "கேனி வைஃப்"னா கெட்டிக்கார பொண்டாட்டியா?

இல்ல, மருத்துவச்சி. பழைய ஸ்காட்ஸ்ல வைஃப்ங்கறது பொதுவா பொம்பளைன்னு தான் அர்த்தம், கேனி வைஃப்னா விவரம் தெரிஞ்ச பொம்பளை, பிரசவம் பாக்குறவ. பிரசவ நேரத்துக்கே "கேனி மோமென்ட்"னு பேரு. பிரெஞ்சுலயும் மருத்துவச்சிக்கு "சாஜ் ஃபாம்", அறிவுள்ள பெண். ஸ்காட்லாந்துல "ஹவ்டி"ன்னு இன்னொரு பேரும் உண்டு.

கேள்வி: அமானுஷ்யமா, இனம் புரியாத பயம் தர்றதுக்கு அன்கேனிங்கறாங்களே, அது இதுக்கு எதிர்ச்சொல் தானா? பேய் எங்கேருந்து வந்துச்சு?

எதிர்ச்சொல் தான், ஆனா ரெண்டும் இப்போ பாத்தா அண்ணன் தம்பின்னு நம்ப முடியாது. 1590கள்லயே அன்கேனி பதிவாகுது, அப்போ விஷமமான, அப்புறம் நம்ப முடியாத, ஜாக்கிரதை இல்லாதன்னு தான் அர்த்தம். பேய் பிசாசு வாசனை 18ஆம் நூற்றாண்டு பின்பாதில தான் வலுவா ஒட்டுது, அதுவும் முதல்ல ஸ்காட்லாந்துலயும் வடக்குலயும்.

ஏன்னா அங்க கேனிக்கு "ஆபத்தில்லாத, அதிர்ஷ்டமான"னு ஒரு அர்த்தம் இருந்துச்சு, "இட்ஸ் நோ கேனி"ன்னா இதுல என்னமோ சரியில்ல, தொடாதேன்னு அர்த்தம். சூனியக்காரின்னு ஊரே பேசுற பொம்பளை நோ கேனி. ராத்திரி தாண்டக் கூடாத பாலம் நோ கேனி. கடலோரத்து மீனவங்க கிட்ட இந்த பயம் ரொம்ப, படகுல போறப்போ பன்னி, சால்மன் மீன், பாதிரியார் இந்த பேரெல்லாம் வாயால சொல்ல மாட்டாங்க, எவனாவது வாய் தவறி சொல்லிட்டா உடனே எல்லாரும் இரும்பு எங்க இருக்குன்னு தேடித் தொடுவாங்க, "கோல்ட் அயர்ன்"னு, அதாவது குளிர்ந்த இரும்புன்னு, சொல்லிக்கிட்டே.

வால்டர் ஸ்காட் மாதிரி எழுத்தாளர்கள் படிக்கிற இங்கிலீஷுக்குள்ள ஸ்காட்ஸ் வார்த்தைங்கள அள்ளிக் கொண்டு வந்து போட்டாங்க, அதுல அன்கேனி பொது இங்கிலீஷ்ல நிரந்தரமா குடி வந்துடுச்சு, அதோட அண்ணன் கேனி பாதி வழிலயே, பண விஷயத்தோட நின்னுட்டான்.

கேள்வி: ஃப்ராய்ட், ரோபோ, "அன்கேனி வேலி" இதெல்லாம்?

மனநல மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1919ல "உன்ஹைம்லிஷ்"னு ஒரு கட்டுரை எழுதினாரு. ஜெர்மன்ல ஹைம்னா வீடு, ஹைம்லிஷ்னா வீட்டுத்தனமான, ரகசியமானன்னு ரெண்டும் வரும், உன்ஹைம்லிஷ்னா பழகின ஒண்ணே திடீர்னு அந்நியமாகி குலை நடுங்க வைக்கிற உணர்ச்சி. அத இங்கிலீஷ்ல கொண்டு வந்தவங்களுக்கு கிடைச்ச பொருத்தமான வார்த்தை அன்கேனி. ஜெர்மன் வார்த்தைக்குள்ள வீடு இருக்கு, ஸ்காட்ஸ் வார்த்தைக்குள்ள அறிவு இருக்கு, அதனால ஃப்ராய்டோட வீட்டு விளையாட்டெல்லாம் இங்கிலீஷ்ல வராது, ஆனா "தெரிஞ்சதுன்னு நினைச்சது தெரியாததாகுது"ங்கற உணர்ச்சி அப்படியே வந்துடுது. பாதிக்குப் பாதி தேறின மொழிபெயர்ப்பு.

1970ல ஜப்பான் ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி, ரோபோ மனுஷன் மாதிரி ஆக ஆக நமக்கு பிடிக்கும், ஆனா கிட்டத்தட்ட மனுஷனாவே ஆகுற ஒரு இடத்துல சட்டுனு அருவருப்பு வந்துடும்னு எழுதினாரு. அந்த கிராஃப்ல விழுற பள்ளத்துக்கு அவர் வச்சது ஜப்பானிய பேர் தான், இங்கிலீஷ்ல அது அன்கேனி வேலி ஆயிடுச்சு. இன்னிக்கு ஏஐ வீடியோல வர்ற மூஞ்சிய பாத்து "என்னமோ பொணம் மாதிரி இருக்கு"ன்னு தோணுறதுக்கு உலகமே சொல்ற பேர் இது.

கேள்வி: "கா கேனி" ஸ்ட்ரைக்னா என்ன?

முதல்ல வார்த்தை. ஸ்காட்ஸ்ல கடைசி ல் ஓசை உதிர்ந்துடும், இங்கிலீஷ் ஆல் (எல்லாம்) ஆ ஆகும், பால் (பந்து) பா ஆகும், கால் கா ஆகும். கால்னா கூப்பிடு, ஆனா அங்க ஓட்டுன்னும் அர்த்தம், மாடு வண்டி ஓட்டுறது. கா கேனின்னா வண்டிய பாத்து மெதுவா ஓட்டு.

1889ல கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளிங்க 10 சதவீத கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க. முதலாளிங்க வயக்காட்டு வேலையாட்கள இறக்கி ஸ்ட்ரைக்க உடைச்சாங்க. தோத்துப் போய் பழைய கூலிக்கே திரும்புறப்போ, அப்போ தான் புதுசா ஆரம்பிச்சிருந்த சங்கத்தோட பொதுச் செயலாளரு ஒரு யோசனை சொன்னாரு, பிரெஞ்சு தொழிற்சங்கக்காரரு எமில் பூஜே பின்னாடி எழுதி வச்ச விவரப்படி அது இப்படி: அந்த வயக்காட்டு ஆளுங்களுக்கு கப்பல் மேல நேரா நடக்கக் கூடத் தெரியல, தூக்கினதுல பாதிய கீழ போட்டாங்க, ரெண்டு பேர் சேந்து நம்மள்ல ஒருத்தன் வேலைய செய்யல, ஆனாலும் முதலாளி அவங்க வேலை பிரமாதம்னாரு, அதனால நாமளும் இனிமே அவங்கள மாதிரியே வேலை செய்வோம். செஞ்சாங்க. கொஞ்ச நாள்லயே முதலாளிங்க, பழையபடி வேலை பாருங்க, கேட்ட கூலிய தர்றோம்னு வந்து நின்னாங்க.

1896ல துறைமுகத் தொழிலாளர்களோட சர்வதேச சம்மேளனம் இத ஒரு கொள்கையாவே எழுதி வெளியிட்டுச்சு, சாராம்சம் என்னன்னா ரெண்டு ரூவா தொப்பி வேணும்னா ரெண்டு ரூவா குடு, ஒரு ரூவா குடுத்தா மட்டமான தொப்பி தான் கிடைக்கும், உழைப்பும் அப்படித்தான். மறு வருஷமே, 1897ல, துலூஸ் நகரத்துல நடந்த பிரெஞ்சு தொழிற்சங்க மாநாட்டுல பூஜேயும் கூட்டாளிங்களும் இத எடுத்துப் பேசினாங்க, அங்க அவங்க இதுக்கு வச்ச பிரெஞ்சு பேர் "சபொதாஜ்", நமக்கு தெரிஞ்ச சபோட்டாஜ். நம்ம பக்கம் கோ ஸ்லோ, வொர்க் டு ரூல்னு சொல்றதெல்லாம் இதே வகையறா. மாட்டு வண்டிக்காரனுக்கு சொன்ன எச்சரிக்கை பிரிட்டிஷ் முதலாளிங்கள பல வருஷம் கதிகலங்க வச்சதுன்னா அது சும்மா இல்ல.

கேள்வி: இந்த வட்டார அர்த்தமெல்லாம் யாரு உக்காந்து சேர்த்தா?

ஜேமிசன சொல்லியாச்சு. இங்கிலாந்து பக்கத்துக்கு ஜோசப் ரைட். யார்க்‌ஷையர்ல பிராட்ஃபோர்ட் பக்கத்து ஆளு, ஆறு வயசுல குவாரில கழுதை வண்டி ஓட்டினாரு, அப்புறம் சால்டெய்ர் மில்லுல நூல் கண்டு மாத்துற பையன், பதினஞ்சு வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மனுஷன் ஆக்ஸ்ஃபோர்டுல ஒப்பிலக்கண பேராசிரியர் ஆகி, 1898ல இருந்து 1905 வரைக்கும் ஆறு வால்யூம்ல இங்கிலீஷ் வட்டார வழக்கு அகராதி போட்டாரு. முதல் வால்யூம்லயே கேனி வந்துடும். மில்லுல பேசின பேச்ச அசிங்கம்னு மறைக்காம அகராதில ஏத்தின ஆளு, படிச்சவங்க எழுதினத மட்டும் மொழின்னு நம்புறவங்க அவர் வாழ்க்கைய ஒரு தடவை படிக்கணும்.

கேள்வி: "கேனே"ன்னு ஸ்காட்லாந்துல கேக்குதே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்ல, அது "முடியாது". "ஐ கேனே டூ இட்"னா என்னால முடியாது. ரெண்டுக்கும் வேர் அதே கேன் தான், ஆனா முடிவுல வர்ற ஓசைய கவனிங்க, இ வந்தா கெட்டிக்காரன், ஏ வந்தா கை விரிச்சுட்டான்.

கேள்வி: படிக்கவோ வேலைக்கோ அங்க போறவங்க நாமளும் சொல்லலாமா?

தாராளமா. நியூகாசில், சண்டர்லாண்ட், டர்ஹாம்ல யாராவது எப்படி இருக்கேன்னு கேட்டா "கேனி"ன்னு சொல்லிப் பாருங்க, சிரிச்சுட்டு இன்னும் ரெண்டு வார்த்தை கூடப் பேசுவாங்க. ஆனா உச்சரிப்ப இழுத்து நடிக்காதீங்க, கிண்டல் பண்றதா நினைச்சுப்பாங்க. ஆஃபீஸ்ல எழுதுறப்போ மட்டும் கவனம், மேனேஜர கேனின்னு மெயில்ல போட்டா நியூகாசில்காரர் சந்தோஷப்படுவாரு, லண்டன்காரர் நான் என்ன காசு விஷயத்துல அவ்வளவு அழுத்தமான்னு யோசிப்பாரு.